“கண்ணுல ஒண்ணும் இல்ல” என்று சொன்ன பிறகு

கண்ணில் கோளாறு இல்லாமலே பார்வைக்குத் தடுமாறும் ஒரு பையனைப் பற்றியது இது. அவனுக்கு இப்போது 2 வயது 7 மாதம். எங்களிடம் வந்தபோது ஏழு மாதம். தென் மாவட்டம் ஒன்றில், அரசு மருத்துவமனை வளாகத்துக்குள், வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள குழந்தைகளுக்காக இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் நான் சிறப்புக் கல்வியாளராக இருக்கிறேன். டி.இ.ஐ.சி. என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். பெற்றோர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர், பெயர், அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். ஏழு மாதம் வரையிலான கதை, குடும்பத்தார் சொன்னதிலிருந்தும் கையில் இருந்த சீட்டுகளிலிருந்தும் நான் கோத்தது. அதற்குப் பிறகு நடந்தது எங்கள் பதிவேட்டிலும், அந்த அம்மா எழுதிய 100 பக்க நோட்டு ஒன்றிலும் இருக்கிறது.

முதல் மூன்று நாள்

அம்மாவுக்கு 23 வயது. தலைப்பிரசவம், தாய்வீட்டில் இருந்தார். 38 வாரம் முடிந்து ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் சிசேரியன் நடந்தது. குழந்தை 2.05 கிலோ. பிறந்ததும் நன்றாக அழுதான். குறைமாதம் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, மஞ்சள் காமாலை இல்லை. “சின்ன உடம்பு, மத்தபடி ஜம்முனு இருக்கான்” என்று சொல்லித் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் 38 வாரத்துக்கு அந்த எடை போதாது. வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி குன்றிய குழந்தையின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் கொஞ்சம்தான் இருக்கும். தொப்புள்கொடி அறுந்த பிறகு, தாய்ப்பால் ஊறும் வரை தாக்குப்பிடிக்க அது காணாது. அதனால்தான் இப்படிப்பட்ட குழந்தைக்கு 2, 6, 12, 24, 48, 72 ஆகிய மணி நேரங்களில் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது வழக்கம். இவனுடைய கேஸ் ஷீட்டில் அப்படி ஒரு வரியும் இல்லை.

அம்மா மயக்க மருந்தின் அசதியில் இருந்தார். சீம்பால் கொடுக்க யாரும் எழுப்பவில்லை. அம்மாச்சி வழக்கப்படி சீனித்தண்ணியில் விரலை நனைத்து நாக்கில் சேனை வைத்தார். இரவு பாட்டில் பால் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 15 மில்லி. இரண்டாம் நாள் முழுக்கத் தூங்கினான். “சமத்துப் பிள்ளை, அழவே மாட்டேங்குறான்” என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னதாக அம்மாச்சியே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

மூன்றாம் நாள் காலை மார்பில் போட்டால் சப்பவில்லை. உடல் தொய்ந்து, கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. அப்போதுதான் சர்க்கரை பார்த்தார்கள்: 19. பச்சிளங்குழந்தைக்கு 40-க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றி, ஆம்புலன்சில் நகரத்துப் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாள் அங்கே இருந்தான். வலிப்பு நின்றது, பால் குடித்தான், வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரி, 3 மாதத்தில் கண், காது, வளர்ச்சிப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றது. ஆங்கிலத்தில், கையெழுத்தில். வீட்டில் அதை யாரும் படிக்கவில்லை, யாரும் படித்துச் சொல்லவும் இல்லை. வலிப்பு மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

வீட்டில் கழிந்த மாதங்கள்

பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம் அது. ஆறு முதல் எட்டு வாரத்தில் அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். மூன்று மாதத்தில் நகரும் பொருளைக் கண்ணால் தொடரும். இவன் இரண்டையும் செய்யவில்லை. அம்மாவுக்கு இரண்டாம் மாதமே உறுத்தியிருக்கிறது. “என் முகத்தப் பாக்காம, எனக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி பாப்பான்” என்றார். அக்கம்பக்கத்தில் கேட்டால் “ஆம்பளப் பிள்ளை, எல்லாம் மெதுவாத்தான் வரும்.” ஒருவர் அம்மாவைக் கேரட் சாப்பிடச் சொன்னார், இன்னொருவர் பொன்னாங்கண்ணி. கண்ணில் மை தீட்டினால் கண் பெரிதாகும் என்று தீட்டியும் பார்த்தார்கள். அதை நாங்கள்தான் பிறகு நிறுத்தச் சொன்னோம்.

நான்காம் மாதம் ஒரு கண் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். சொட்டு மருந்து விட்டு உள்ளே வரை பார்த்தார். கண்புரை இல்லை, விழித்திரை நன்றாக இருக்கிறது, பார்வை நரம்பு ஆரோக்கியமாக இருக்கிறது. “கண்ணுல ஒண்ணும் இல்ல. ஆறு மாசம் கழிச்சு வாங்க.”

அவர் சொன்னது முழுக்க உண்மை, பரிசோதனையையும் ஒழுங்காகச் செய்திருக்கிறார். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது வேறு செய்தி: பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் அப்பா கேசரி வாங்கி வந்தாராம். அதன் பிறகு மூன்று மாதம் அம்மாவுக்குக்கூடத் தன் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லத் தயக்கமாகிவிட்டது. டாக்டரே சொல்லிவிட்டாரே.

ஐந்தரை மாதத்தில் புதிதாக ஒன்று தொடங்கியது. தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் குனியும், இரண்டு கையும் தூக்கிப் போடும், ஒரு நொடியில் சரியாகிவிடும். மறுபடி வரும். உரம் விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டி, சேலையில் போட்டு உருட்டி இரண்டு முறை உரம் எடுத்தார்கள். குறையவில்லை. ஊருக்கு வந்த கிராம சுகாதார செவிலியர்தான், தடுப்பூசி போடும்போது பிள்ளை தன்னைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்து எங்களிடம் எழுதி அனுப்பினார். மூன்று வரிச் சீட்டு. இந்தக் கதையில் சரியான நேரத்தில் எழுதப்பட்டுப் படிக்கப்பட்ட ஒரே தாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் பார்த்தது

காலை பதினொன்றரை மணி. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். அம்மா மடியில் வைத்திருந்தார், அம்மாச்சி பையோடு நின்றார்.

பையன் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சத்தை வெறித்துப் பார்ப்பது என்போமே, அது. கூப்பிட்டால் திரும்பவில்லை, ஆனால் கை கால் அசைவதை நிறுத்திக் காது கொடுத்தான். கேட்கிறது என்று தெரிந்தது. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கியது. கண்கள் ஆடவில்லை. கண்ணிலேயே கோளாறு இருந்து சிறு வயதிலிருந்து பார்வை இல்லாத குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கண் ஆடிக்கொண்டே இருக்கும். இவனுக்கு அது இல்லாததே ஒரு துப்பு.

பல வண்ணக் கிலுகிலுப்பையை ஆட்டினேன். சத்தம் வந்ததும் அசையாமல் இருந்தானே தவிர, கண் போகவில்லை. சரி என்று சன்னல் திரையை இழுத்து, விளக்கை அணைத்து, என் கறுப்புச் சால்வையை முன்னால் பிடித்து, அதற்கு எதிரே சிவப்பு உல்லன் பந்து ஒன்றை 25 செ.மீ. தூரத்தில் தொங்கவிட்டு, டார்ச் வெளிச்சத்தை அதன் மேல் அடித்தேன். லேசாக ஆட்டினேன். யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அம்மாச்சி “கண்ணா, இங்க பாருடா” என்று ஆரம்பித்தார், கையைக் காட்டி நிறுத்தினேன். மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். 22-ல் அவன் கண் வலப்பக்கமாக நகர்ந்து பந்தின் மேல் நின்றது. ஒரு நொடி இருக்கும். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி செய்தேன்: இந்த முறை 18 எண்ணுவதற்குள். இடப்பக்கம் காட்டினால் வரவில்லை.

கண் ஒழுங்காக இருந்தும், கண் அனுப்புவதை மூளை வாங்கிக்கொள்ள முடியாத நிலை இது. மூளைசார் பார்வைக் குறைபாடு, சுருக்கமாக சி.வி.ஐ. சிவப்பு, மஞ்சள் போன்ற ஒற்றை அழுத்த நிறம் பிடிப்பது, அசைந்தால்தான் தெரிவது, பதில் வர நேரமெடுப்பது, ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது, பொருட்கள் கூடினால் கண்ணை மூடிக்கொள்வது எல்லாம் அதன் குணங்கள். அம்மாவிடம் அன்று நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. “பாக்குறான். ஆனா பாக்குறதுக்கு அவனுக்கு நேரம் வேணும்” என்று மட்டும் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் மடியிலேயே தலை முன்னால் குனிந்தது. கை இரண்டும் விரிந்தன. ஆறு, ஏழு தரம், சில நொடி இடைவெளியில்.

முதலில் வலிப்பு

பார்வைப் பயிற்சியை அதே நிமிடம் நிறுத்தினோம். இது பயிற்சியாளர் கையில் இருக்க வேண்டிய விஷயம் இல்லை.

1841-ல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், தன் சொந்த மகனுக்கு வந்த இதே தலைக்குனிவை விவரித்து ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சலாம் வைப்பதுபோல் இருப்பதால் அன்றைக்கு சலாம் வலிப்பு என்று ஒரு பெயரும் உண்டு. பார்ப்பதற்கு வலிப்பு மாதிரியே இருக்காது. அதனால்தான் உரம், பயம், வயிற்று வலி என்று நாள் ஓடிவிடுகிறது. ஓடும் ஒவ்வொரு வாரத்துக்கும் மூளை விலை கொடுக்கிறது. பார்வைக்கான மூளைப் பகுதியில் நரம்பு இணைப்புகள் மிக அடர்த்தியாக உருவாகும் மாதங்களும் இவைதான். அங்கே ஓயாமல் மின்கலவரம் நடந்துகொண்டிருக்கும்போது சிவப்புப் பந்தைக் காட்டிப் பிரயோசனமில்லை.

அம்மாவின் போனில் அவரே எடுத்து வைத்திருந்த 40 நொடி வீடியோ ஒன்று இருந்தது. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்தார். அதோடு அன்றே மருத்துவக் கல்லூரியின் குழந்தை நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினோம், போன் செய்தும் சொன்னோம். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எதிர்பார்த்தபடியே தாறுமாறாக இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் பின்பகுதி இரண்டு பக்கமும், அதை ஒட்டிய மேற்பகுதியிலும் பாதிப்பு. பச்சிளங்குழந்தைக்குச் சர்க்கரை கடுமையாகக் குறைந்தால் அதிகம் அடிபடும் இடமே அதுதான். நம் நாட்டில் இந்த வகை வலிப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றும் அதேதான்.

மருந்து எது என்பதில் நரம்பியல் மருத்துவர் யோசித்தார். விகபாட்ரின் நன்றாக வேலை செய்யக்கூடியது, ஆனால் பார்வையின் ஓரப் பரப்பைக் கெடுக்க வாய்ப்புண்டு. ஏற்கெனவே பார்வைக்குத் தடுமாறும் குழந்தை. அதனால் முதலில் அதிக அளவு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, பலன் இல்லையென்றால் மட்டும் மற்றது என்று முடிவு செய்தார். அந்த யோசனையைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்கியும் சொன்னார். ஒன்பதாம் நாள் தலைக்குனிவு நின்றது. இரண்டு வாரம் கழித்து எடுத்த இ.இ.ஜி.யும் தேறியிருந்தது.

ஸ்டீராய்டால் முகம் உப்பியது. ஊரில் எல்லோரும் “இப்பத்தான் பிள்ளை தேறிட்டான், கொழுகொழுன்னு இருக்கான்” என்றார்கள். அந்த மாதங்களில் அம்மாவுக்கு அதைக் கேட்டால் எரிச்சலாக வரும். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசியை மருந்து முடிந்து சில வாரம் கழித்தே போடச் சொன்னார்கள். உயிருள்ள கிருமி ஊசி என்பதால். இதைச் செவிலியருக்கும் எழுதி அனுப்பினோம், இல்லையென்றால் விடுபட்டிருக்கும்.

வீட்டை மாற்றியது

எட்டரை மாதத்தில் திரும்ப வந்தார்கள். அடுத்த வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போனது நல்லதாயிற்று.

ஒரே அறை. சுவரில் மூன்று காலண்டர், ஸ்டிக்கர் ஒட்டிய பீரோ, கயிற்றில் துணிகள். பையன் நாள் முழுக்கப் பூப்போட்ட சேலைத் தூளியில். தூளிக்குள் படுத்தால் இரண்டு பக்கமும் துணிதான், அதுவும் பூவும் கொடியுமாக. மேலே கம்பியில் ஏழெட்டு பிளாஸ்டிக் கிளி தொங்கியது. அம்மா பெரிய பூப்போட்ட நைட்டி. சாதாரணக் குழந்தைக்கு இது எதுவும் கெடுதல் இல்லை, வேடிக்கை பார்க்க விஷயம் நிறைய இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். இவனுக்கு அது சந்தைக்கடை இரைச்சல்.

தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி என்று எழுதிக் கொடுப்பது எங்களுக்குச் சுலபம். வீட்டில் அது நடக்காது. அதனால் குளியல், சாப்பாடு, தூக்கம் என்று எப்படியும் நடக்கிற வேலைகளுக்குள்ளேயே பார்வையை வைப்பது என்று முடிவெடுத்தோம். தூளிக்கு ஒற்றை நிறப் பழைய சேலை, விழித்திருக்கும்போது தூளி கிடையாது. அறையின் ஒரு மூலையைக் காலி செய்து கறுப்புத் துணி கட்டினோம். வெளிச்சம் பிள்ளைக்குப் பின்னாலிருந்து பொருளின் மேல் விழ வேண்டும், அவன் முகத்தில் அடிக்கக் கூடாது. குளிக்கச் சிவப்பு மக், ஊட்டச் சிவப்பு ஸ்பூன். கிளிகளை இறக்கிவிட்டோம்.

ஸ்பூனைக் காட்டும் முன் அவன் கையில் தொட்டுக் காட்டி, பெயரை ஒரு முறை சொல்லி, அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சத்தமும் காட்சியும் ஒன்றாக வந்தால் இந்தக் குழந்தைகள் சத்தத்தையே பிடித்துக்கொள்வார்கள். எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது இதுதான். அம்மாச்சியால் முடியவில்லை. பேரனைக் கண்டால் பேசாமல் இருப்பது எப்படி? கடைசியில் அவருக்கு ஒரு வழி சொன்னேன்: மனசுக்குள் ‘முருகா’ என்று முப்பது தரம் சொல்லுங்கள், அதற்குள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பிறகு பேசலாம். அது வேலை செய்தது.

போன் பற்றி வாக்குவாதம் வந்தது. பாட்டு வீடியோ போட்டால் அவன் திரும்புகிறான், அது ஒன்றைத்தான் பார்க்கிறான் என்றார் அப்பா. அவர் சொன்னது சரிதான், பின்னாலிருந்து ஒளிரும் திரை இந்தக் குழந்தைகளை இழுக்கும். ஆனால் நொடிக்கு நொடி மாறும் படத்தில் அவன் பார்ப்பது வெளிச்சத்தையே தவிர வேறில்லை. இரண்டு வயது வரை திரை வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ல் சொன்னதும் இதற்குப் பொருந்தும். பாட்டு வீடியோவை நிறுத்தச் சொன்னோம். ஒளிரும் பொருள் வேண்டுமென்றால் சிவப்புப் பிளாஸ்டிக் டம்ளருக்குள் சின்ன டார்ச்சை வைத்துக் காட்டச் சொன்னோம். அப்பாவுக்கு அது பிடித்துப்போய், அதிலேயே நான்கு மாதிரி செய்துவிட்டார்.

நோட்டின் முதல் பக்கங்களில் இப்படி இருக்கிறது: “மக்கு. வலது. 20 எண்ணுனேன். பாத்தான்.” “ஸ்பூன். பாக்கல. பசி.” “டம்ளர் லைட்டு. 15. ரெண்டு தரம்.”

நான் செய்த தவறு

பத்தாம் மாதம் முன்னேற்றம் நின்றது. 15 எண்ணுவதற்குள் பார்த்தவன் 30 எண்ணினாலும் பார்க்கவில்லை. பொருளைக் கொண்டுவந்தாலே தலையைத் திருப்பினான். மறுபடி வலிப்போ என்று பயந்து இ.இ.ஜி. எடுத்தோம். அதில் ஒன்றும் புதிதாக இல்லை.

நோட்டைப் புரட்டினால் விடை இருந்தது. ஒரே நாளில் 40, 45 பதிவு. அம்மா காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். காரணம் நான்தான். முதல் மூன்று வருடம்தான் மூளை வளையும், விட்டால் பிடிக்க முடியாது என்று ஒருநாள் அழுத்திச் சொல்லியிருந்தேன். ஹியூபெல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் கண்ணைத் தைத்து மூடி, சிறு வயதில் மூடிய கண்ணைப் பிறகு திறந்தாலும் பார்வை சரியாக வருவதில்லை என்று காட்டிய ஆய்வு, அதற்கு 1981-ல் நோபல் பரிசு என்று நான் பயிற்சி வகுப்பில் சொல்லும் கதையை அவரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அவர் காதில் விழுந்தது, கண் மூடிய ஒவ்வொரு நாளும் போன நாள் என்பதுதான்.

இன்னொன்றும் இருந்தது. மையத்துக்கு வரும்போதெல்லாம் நான் புதுப் பொருளை எடுத்துக் காட்டினேன். மஞ்சள் வாத்து, பச்சைப் பந்து, மின்னும் காகிதம். எனக்கு ஆர்வக்கோளாறு. இவனுக்குப் புதிது என்பதே சுமை. அதோடு இரண்டு பஸ் மாறி, பதினொன்றரை மணிக்கு, தூங்க வேண்டிய நேரத்தில்.

திட்டத்தைக் குறைத்தோம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஒவ்வொன்றும் சில நிமிடம், அவன் திரும்பிக்கொண்டால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். மூன்று பொருள் மட்டும், அவையும் வீட்டுப் பொருட்கள், மையத்துக்கும் அவற்றையே கொண்டுவர வேண்டும். நேரத்தைக் காலை ஒன்பதரைக்கு மாற்றி, மாதம் நான்கு முறை வந்ததை இரண்டாக்கினோம். மூன்று வாரத்தில் பழைய எண்ணுக்கு வந்தான். அம்மாவும் அந்த மூன்று வாரத்தில்தான் பகலில் கொஞ்சம் தூங்கினார்.

கண்ணாடி

இந்தப் பகுதி சுருக்கமானது, ஆனால் தாமதமாக நடந்தது. கண் ஆரோக்கியம் என்று தெரிந்துவிட்டதால் கண்ணாடி தேவையா என்று யாரும் மறுபடி பார்க்கவில்லை. நாங்களும்தான். பதினோராம் மாதம் பார்வையை அளக்கும் எங்கள் ஆப்டோமெட்ரிஸ்ட் சொட்டு மருந்து விட்டு அளந்தபோது இரண்டு கண்ணிலும் பிளஸ் 4 பவர். அதைவிட முக்கியம், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் தன்னைக் குவித்துக்கொள்ளும் திறன் மிகக் குறைவு. மூளைப் பாதிப்புள்ள குழந்தைகளிடம் இது அடிக்கடி இருக்கும். அதாவது 25 செ.மீ. தூரத்தில் நாங்கள் இரண்டரை மாதமாகக் காட்டிய சிவப்புப் பந்து அவனுக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

பின்னால் எலாஸ்டிக் பட்டை வைத்த கண்ணாடி போட்டோம். முதல் வாரம் பிடுங்கி எறிந்தான். ஸ்பூன் நேரத்தில் மட்டும் போடச் சொன்னோம். பத்து நாள் கழித்து, கழற்றினால் அழுதான்.

பொட்டு

முகம் என்பது சி.வி.ஐ. குழந்தைக்குக் கடினமான காட்சி. அசையும், மாறும், அதற்குள் கண், மூக்கு, வாய் என்று எத்தனையோ. நான் முகத்துக்கு இன்னும் நாளாகும் என்றே நினைத்திருந்தேன். அம்மா கேட்காமல் ஒன்று செய்தார். சிவப்பு ஸ்டிக்கர் பொட்டிலேயே மிகப் பெரிய அளவு, பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கும், அதை வாங்கி ஒட்டிக்கொண்டார். நைட்டியை விட்டு ஒற்றை நிறக் கறுப்புச் சுடிதார். தலைமுடியை இழுத்துக் கட்டி, பூ வைக்காமல், மூலையில் கறுப்புத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து, பேசாமல், தலையை மட்டும் லேசாக ஆட்டுவார்.

13-ஆம் மாதம் நோட்டில்: “பொட்டு. 9. பாத்தான். அப்பறம் கீழ எறங்கி என் கண்ணப் பாத்தான்.” அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

அதன் பிறகு பொட்டின் அளவை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வந்தார். 19-ஆம் மாதம் வழக்கமான சின்னப் பொட்டுக்கு வந்துவிட்டார். இப்போது வேறு மூன்று குடும்பங்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு வீட்டில் பலன் இருந்தது, ஒன்றில் இல்லை, மூன்றாவது வீட்டில் இன்னும் தெரியவில்லை.

இப்போது

13 மாதத்தில் உட்கார்ந்தான், 26 மாதத்தில் நடந்தான். கை நீட்டும்போது முதலில் பார்ப்பான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் அனுப்புவான். அது 20 மாதம் வரை இருந்தது, இப்போது தெரிந்த பொருட்களுக்குப் பார்த்துக்கொண்டே எடுக்கிறான். அம்மா பேசாமல் அறைக்குள் வந்தாலும் அடையாளம் தெரிந்து சிரிக்கிறான். சொற்கள் பன்னிரண்டு, பதின்மூன்று. தலைச் சுற்றளவு வயதுக்குக் குறைவு, இரண்டு வயதில் 45 செ.மீ. காய்ச்சலோடு ஒருமுறை வலிப்பு வந்தது.

பார்வையின் கீழ்ப்பாதி சரியாகத் தெரியவில்லை. வாசற்படியில் தடுக்கி விழுவான், தட்டில் தன் பக்கம் இருக்கும் சோற்றை விட்டுவிட்டு அந்தப் பக்கம் இருப்பதை மட்டும் சாப்பிடுவான். பிடிவாதம் என்று அப்பத்தா அடித்திருக்கிறார். தட்டைத் திருப்பி வைத்ததும் சாப்பிட்டதைக் காட்டிய பிறகு நம்பினார். கல்யாண வீடு, திருவிழா என்றால் பத்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அழுவான்.

இந்த முன்னேற்றத்தில் எவ்வளவு வலிப்பு நின்றதால் வந்தது, எவ்வளவு கண்ணாடியால், எவ்வளவு வீட்டில் செய்ததால், எவ்வளவு தானாகவே வந்திருக்கும் என்று ஒரு குழந்தையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பொட்டினால் பார்வை வந்தது என்று யாராவது இதைப் பகிர்ந்தால் அது தவறு.

இனி மாற்ற வேண்டியது

பெரிய மாற்றம் எங்கள் கையில் இல்லை. அது முதல் 48 மணி நேரத்தில், ஒரு குளுக்கோமீட்டரிலும் முதல் மணி நேரச் சீம்பாலிலும் இருந்தது. மாவட்டக் கூட்டத்தில் இந்த நிகழ்வை மருத்துவமனைப் பெயர் இல்லாமல் முன்வைத்தோம். எடை குறைந்த குழந்தையின் சர்க்கரை அளவுகளை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுத வேண்டும் என்று கேட்டோம். ஒப்புக்கொண்டார்கள், எல்லா இடத்திலும் நடப்பதாகச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் மாற்றியவை: பச்சிளங்குழந்தைப் பிரிவில் வலிப்போ குறைந்த சர்க்கரையோ வந்து வீடு திரும்பிய குழந்தைகளின் பட்டியலை மாதம் ஒருமுறை கேட்டு வாங்குகிறோம். மூன்றாம் மாதம் நாங்களே போன் செய்கிறோம். சி.வி.ஐ. சந்தேகம் என்றால் முதல் மாதத்திலேயே கண்ணாடி அளவு பார்த்துவிடுகிறோம், பந்தைக் காட்டுவதற்கு முன்பே. புதுப் பொருள் காட்டும் என் ஆசைக்கு அலமாரியில் பூட்டுப் போட்டிருக்கிறோம். பூனைக்குட்டிக் கதையை நான் தாய்மார்களிடம் சொல்வதில்லை.

அந்தக் கண் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். குறை சொல்லப் போகவில்லை, நடந்ததைச் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். நிதானமாகப் படித்தார். இப்போது அவர் அனுப்பும் சீட்டுகளில் ‘கண் இயல்பு’ என்பதற்குக் கீழே தமிழில் இன்னொரு வரி இருக்கிறது: “முகத்தைப் பார்க்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன்: ஆம் / இல்லை.” இல்லை என்று வட்டமிட்டு இதுவரை நான்கு குழந்தைகளை அனுப்பியிருக்கிறார்.

பையனை அடுத்த மாதம் அங்கன்வாடியில் சேர்க்கிறார்கள். சுவர் முழுக்க ஆப்பிளும் யானையும் வரைந்திருக்கிறார்கள், ஒரு பக்கச் சுவர் மட்டும் வெள்ளை. அதைப் பார்த்து உட்கார வைக்கப் பணியாளரிடம் பேசியாயிற்று. படியின் விளிம்பில் ஒட்ட மஞ்சள் டேப் வாங்கி வைத்திருக்கிறோம்.